எதிர்க்கப்பல் யாருடையது?

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் மலையைச் சுற்றி முடித்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். வேலூர் ரோட்டில் இருக்கும் வேங்கிக்காலில் அவர்களுக்கு வேலை இருக்காது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது அங்கேதான். திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், அது வேறு வகைக் கிரிவலம். குறைதீர்ப்பு நாள் என்று மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் கையில் மனுவோடு வந்து நிற்பார்கள்.

ஒரு சொந்தக்காரர் வேலையாக அங்கே போயிருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க விவசாயி. பூர்வீக நிலம், கூட்டுப் பட்டா, பாகம் பிரிக்க வேண்டும். அதற்கு வம்சாவளி வேண்டும்.

“உங்க தாத்தா கூடப் பொறந்தவங்க எத்தனை பேருய்யா?”

“மொத்தம் மூணு பேருங்க. நடுவாலவரு மலாயாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. அப்புறம் கடுதாசியே இல்ல.”

“அவருக்கு வாரிசு?”

“தெரியலீங்களே. எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி போனது. ரஜூலா கப்பல்ல போனாருன்னு எங்க ஆயா சொல்லும்.”

பெரியவர் பேனாவை எடுத்தார். அந்தக் கிளையில் ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் ஒரு கேள்விக்குறி போட்டார். அடுத்த கிளைக்குப் போய்விட்டார்.

நான் பி.காம். படித்தவன். கேள்விக்குறியோடு ஒரு கணக்கை மூடினால் எனக்குத் தூக்கம் வராது. ஊருக்கு வந்ததும் ரஜூலா யாருடைய கப்பல் என்று தேடினேன். 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடி, பல்லாயிரம் தமிழர்களை அங்கேயும் இங்கேயுமாக ஏற்றி இறக்கியது. சொந்தக்காரர்: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம். தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பலோடு மோதிய அதே கம்பெனி.

உடனே ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். பி.ஆர்.பந்துலு எடுத்து 1961-ல் வந்த படம். ம.பொ.சி.யின் புத்தகத்தை ஆதாரமாகக் கொண்டது. சிவாஜி வ.உ.சி.யாகவே ஆகிவிட்டார். சிறையில் செக்கிழுக்கும் இடத்தில் இப்போதும் தொண்டை அடைக்கிறது. எஸ்.வி.சுப்பையாவைத் தவிர வேறு பாரதியை என் தலைமுறையால் யோசிக்கவே முடியாது. படத்தைக் குறை சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்று தெரிந்தேதான் ஒரு குறை சொல்லப் போகிறேன்.

மூன்று மணி நேரப் படத்தில் எதிர்க்கப்பலின் முதலாளி யார் என்று நம் மனதில் பதிகிற மாதிரி ஒரு காட்சி இல்லை.

கலெக்டர் நினைவிருக்கிறார். சிறை நினைவிருக்கிறது. படம் முடிந்து எழுந்திருக்கும்போது ‘வெள்ளைக்காரன் கெடுத்துட்டான்’ என்று சொல்கிறோம். எந்த வெள்ளைக்காரன்? அவனுக்குப் பேர் கிடையாதா, ஊர் கிடையாதா, அப்பா அம்மா கிடையாதா? வேங்கிக்கால் பெரியவரிடம் அந்தக் கம்பெனியை உட்கார வைத்து வம்சாவளி கேட்டால் என்ன சொல்லும்?

கேள்விக்குறியே இல்லாமல் கடகடவென்று சொல்லும்.

முதல் ஆள், வில்லியம் மக்கின்னன். 1823-ல் ஸ்காட்லாந்தின் காம்பெல்டவுனில் பிறந்தவர். அதாவது, கறாராகப் பார்த்தால் இங்கிலீஷ்காரரே இல்லை. மளிகை வியாபாரம் பழகியவர். 1847-ல் கல்கத்தா வந்து, ராபர்ட் மெக்கன்ஸி என்கிற ஊர்க்காரரோடு கூட்டு வைத்து, ‘மக்கின்னன் மெக்கன்ஸி’ கம்பெனியைத் தொடங்குகிறார். 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோக அரசாங்க கான்ட்ராக்ட். அதற்காக ஆரம்பித்த கப்பல் கம்பெனிதான் 1862-ல் பி.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிள்ளை கிடையாது. 1893-ல் அவர் இறந்தபோது பொறுப்பு சொந்தக்காரர்கள் கைக்கும் பங்காளிகள் கைக்கும் போனது.

அந்தப் பங்காளிகளில் ஒருவர் ஜேம்ஸ் லைல் மெக்கே. 1852-ல் ஆர்புரோத் துறைமுகத்தில் பிறந்த கப்பல் கேப்டன் மகன். 1874-ல் கல்கத்தா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவர், கிடுகிடுவென்று மேலே ஏறினார். வங்காள வர்த்தக சபைத் தலைவர், வைஸ்ராயின் சட்டசபை உறுப்பினர் என்று போய், 1897 முதல் 1911 வரை லண்டனில் இந்திய மந்திரிக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலில் உறுப்பினர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வ.உ.சி. கம்பெனியைப் பதிவு செய்தது 1906 அக்டோபரில். கைதானது 1908 மார்ச் 12. இந்தியாவை எப்படி ஆளலாம் என்று லண்டனில் யோசனை சொன்ன மேஜையில், அந்த வருஷங்கள் முழுக்க, போட்டிக் கம்பெனியின் பங்காளி உட்கார்ந்திருந்தார். மெக்கே உத்தரவு போட்டுத்தான் வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார் என்று நான் சொல்லவில்லை. அப்படி உத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு அது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தூத்துக்குடியிலும் அதே ஏற்பாட்டின் சின்ன சைஸ். அங்கே பி.ஐ.க்கு ஏஜென்ட் ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனம். கோரல் மில்லும் அவர்கள் நிர்வாகம்தான். 1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆதரித்த வேலைநிறுத்தம் நடந்தது அந்த மில்லில்தான். படம் பார்த்த நமக்குக் கப்பல் ஒரு கதை, மில் இன்னொரு கதை. ஹார்வி கம்பெனியின் பேரேட்டில் இரண்டும் ஒரே ஆளால் வந்த நஷ்டம்!

சரி, கப்பல் எப்படித் தோற்றது? அடக்குமுறையால் என்போம். பாதி உண்மை. மீதியைக் கணக்குப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

சுதேசிக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் பங்கு, மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். பிழைப்பு முழுக்க தூத்துக்குடி - கொழும்பு பாதை. பி.ஐ.க்கோ ரங்கூன், கல்கத்தா, சென்னை, பம்பாய், பாரசீக வளைகுடா என்று கடல் முழுக்கப் பாதைகள். தபால் கான்ட்ராக்ட் பணம் தனி. கொழும்புப் பாதையில் ஒரு வருஷம் நஷ்டப்பட்டாலும் ரங்கூன் பாதை அதைத் தாங்கும். அதனால் கட்டணத்தைக் குறைத்தார்கள். இன்னும் குறைத்தார்கள். கடைசியில் ஓசியிலேயே ஏற்றினார்கள், கூடவே ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

ஆறு மாதம் எல்லாம் ஃப்ரீ என்று சொல்லி, போட்டிக்காரர்கள் கடையை மூடிய பிறகு விலையை ஏற்றுகிற வித்தையை நாம் செல்போனில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் தாத்தாக்கள் குடையோடு பார்த்துவிட்டார்கள்.

வ.உ.சி. சிறையில் இருந்தபோதே, 1911-ல், சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே 1911-ல் மெக்கேவுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. லார்டு இன்ச்கேப். ஆர்புரோத் கரைக்கு அப்பால், பழைய நாளில் கப்பல்களை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பாறையின் பெயர் அது. தானே தேர்ந்தெடுத்த பட்டம். பொருத்தம் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஏறுமுகம். 1914-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு பி.ஐ., பி அண்ட் ஓ கம்பெனியோடு இணைந்தது. இணைந்த கூட்டத்துக்கு இன்ச்கேப்தான் தலைவர். 1922-ல் இந்திய அரசின் செலவை எப்படிக் குறைப்பது என்று சொல்ல அமைத்த கமிட்டிக்கும் அவரே தலைவர். 1929-ல் ‘ஏர்ல்’ பட்டம். பேரன், மூன்றாவது ஏர்ல், பி அண்ட் ஓ தலைவராக இருந்து 1994-ல் இறந்தார். 2006-ல் பி அண்ட் ஓ துபாயின் டி.பி. வேர்ல்டுக்கு விற்கப்பட்டது. மளிகையில் தொடங்கி துபாய் வரை ஒரு கிளைகூட அறுபடாத மரம்.

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் புத்தகங்களுக்கும் குறைவில்லை. ஹெக்டர் போலித்தோ எழுதிய இன்ச்கேப் வாழ்க்கை வரலாறு வந்தது 1936-ல். வ.உ.சி. இறந்த அதே வருஷம். ஃபோர்ப்ஸ் மன்ரோ மக்கின்னனைப் பற்றி 2003-ல் எழுதிய பெரிய ஆராய்ச்சி நூல் 1893-ல், அவர் சாவோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர் எல்லை வகுத்துக்கொள்வது நியாயம்தான். நான் சொல்ல வருவது பொதுவான பழக்கத்தைப் பற்றி. பணக்காரக் குடும்ப வரலாறு என்றாலே வரவுப் பக்கம் மட்டும் எழுதுகிறார்கள். யார் யாருக்குப் பிள்ளை, எந்த வருஷம் எந்தப் பட்டம், எத்தனை கப்பல். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருக்க வேண்டும் என்பது ப்ளஸ் ஒன் மாணவனுக்கே தெரியும். அந்தப் பக்கத்தைக் காணோம்.

நம் படம் செய்ததும் அதே தப்பின் மறுபக்கம். நம் நஷ்டத்தை மட்டும் எழுதிக் கண்ணீர் விட்டது. அது யாருடைய வரவாகப் போனது என்று எழுதவில்லை. விளைவு என்ன தெரியுமா? கலெக்டர்கள் கப்பல் ஏறிப் போனதும் கதை முடிந்ததாக நினைத்தோம். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு வரை ரஜூலா நம் கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

1961-ல் பந்துலுவிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு காட்சி போதும் சார். லண்டனில் ஒரு ஆபீஸ், ஒரு மேஜை, ஒரு கணக்குப் புத்தகம். ‘கொழும்புப் பாதையில் நஷ்டம், பரவாயில்லை’ என்று ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான். அப்போது வ.உ.சி. மோதியது எவ்வளவு பெரிய சுவர் என்று நமக்குத் தெரிந்திருக்கும். அவர் இன்னும் உயர்ந்திருப்பார். இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுத ஆ.இரா.வேங்கடாசலபதி வர வேண்டியிருந்தது. அவருடைய ‘ஸ்வதேசி ஸ்டீம்’ ஆங்கிலத்தில் 2023-ல்தான் வந்தது.

எதிராளிக்கு முகம் கொடுத்தால் கோபம் குறைந்துவிடும் என்ற பயம் சினிமாக்காரர்களுக்கு உண்டு. குறையாது. உதாரணம் சொல்கிறேன். இன்ச்கேப்பின் மகள் எல்ஸி, சிம்லாவில் பிறந்தவர். நடிகை, விமானம் ஓட்டுபவர், அப்பாவின் கப்பல்களுக்கு உள் அலங்காரம் செய்தவர். 1928 மார்ச் 13 அன்று அட்லாண்டிக்கைத் தாண்டப் புறப்பட்ட விமானத்தோடு காணாமல் போனார். அந்தக் கிளைக்கும் கேள்விக்குறிதான். அப்பா மகள் பெயரில் 5 லட்சம் பவுனை பிரிட்டிஷ் அரசாங்கக் கடனை அடைக்கக் கொடுத்தார். மகளைப் பறிகொடுத்த அப்பன் என்று படித்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் 66 லட்சம் ரூபாய்க்கு மேல். சுதேசிக் கம்பெனியின் மொத்த மூலதனத்தைப் போல ஆறு மடங்கு. அந்த வருஷம் வ.உ.சி. கோவில்பட்டியில் வக்கீல் தொழிலில் வீட்டுச் செலவுக்கே திண்டாடிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் கழித்து அவர் எழுதிய உயிலில் எண்ணெய்க்கடை பாக்கியும் ஜவுளிக்கடை பாக்கியும் இருந்தன.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கோபம் குறைகிறதா, கூடுகிறதா?

வேங்கிக்கால் விவசாயியின் மனு என்ன ஆனது என்று கேட்டீர்களானால், அன்று பெரியவர் அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, ‘வெளிநாடு சென்றவர், விவரம் தெரியவில்லை’ என்று எழுதினார்.

“ஆபீஸ்ல ஏத்துக்குவாங்களா ஐயா?” என்று கேட்டார் விவசாயி.

“கப்பல் பேரையும் எழுதிடறேன், இரு” என்றார் பெரியவர்.

எழுதினார். கம்பெனி பேரையும் சேர்த்து எழுதச் சொல்ல எனக்கு அன்றைக்கு அது தெரியாது.