தேசிங்குராஜன் கதைப்பாடலும் அதன் நிலங்களும்

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருந்த செஞ்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், உண்டு இளைப்பாறும் வேளையில் தேசிங்குராஜன் கதையை மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார். "இது நடந்த கதையா, பெரியவரே?" என்று கேட்டேன். "கடலிக்கு வாங்க பாய், காட்டறேன்" என்றார். பாடலுக்குச் சான்றாக அவர் நூலைச் சொல்லவில்லை, நிலத்தைச் சொன்னார்.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடை புதிதன்று. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிஞர்கள், கைவிடப்பட்ட குடியிருப்பின் சுவடுகளருகே நின்று கலங்குவதிலிருந்தே கஸீதாவைத் தொடங்கினர். அக்கவிதைகளில் வரும் ஊர்களை யாகூத் அல்ஹமவீ (மறைவு 1229) தமது 'முஃஜமுல் புல்தான்' என்னும் நூலில் இடஞ்சுட்டி விளக்கினார். கவிதை அடிகளையே ஊர்களுக்குச் சான்றாகவும் எடுத்தாண்டார். பாடலைக் கொண்டு நிலத்தையும், நிலத்தைக் கொண்டு பாடலையும் படிக்கும் அம்முறை தேசிங்குராஜன் கதைக்கும் நன்கு பொருந்துகிறது.

வரலாறு சுருக்கமானது. 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் மராத்தியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். பின்னர் அக்கோட்டை புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்பில் இருந்தது. 1714இல் அவர் மறைய, மகன் தேஜ்சிங் வந்தார். தமிழ் நா அவரைத் தேசிங்கு ஆக்கிற்று. ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். இளைஞர் பணியவில்லை. 1714 அக்டோபர் 3இல் நடந்த போரில் அவர் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 22 என்பது வழக்கு.

இவ்வரித் தகராற்றைப் பாடல் வீரகாவியமாக வளர்த்தெடுக்கிறது. தில்லியில் பாதுஷாவின் அடங்காக் குதிரையைத் தேசிங்கு அடக்கும் பகுதியில் கற்பனைக்குக் கடிவாளமில்லை. அந்தத் தில்லியை எந்த வரைபடத்திலும் தேட இயலாது. செஞ்சிக்குத் திரும்பியதும் பாடலின் போக்கே மாறிவிடுகிறது. போருக்குமுன் அரங்கநாதரிடம் விடை கேட்கையில் அவர் முகந்திருப்பிக்கொண்டார் என்பதை, செஞ்சிக்கு வடக்கேயுள்ள சிங்கவரம் குடைவரைக் கோயிலோடு மக்கள் இணைத்துச் சொல்கின்றனர். தோழன் திருமணக் கோலத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் வழுதாவூர், புதுச்சேரிக்கு வடமேற்கே இன்றும் உள்ள ஊர். பெருக்கெடுத்த ஆறு சங்கராபரணி. போர் நிகழ்ந்த கடலியும் அதனருகே நீலாம்பூண்டியும் இன்றும் சிற்றூர்களே. பாடகன் தில்லியைக் கண்டதில்லை; இந்நிலத்தை நடந்து அறிந்தவன். கேட்போரும் அறிந்த நிலமாதலால் இங்கே அவன் பிழை செய்ய முடியாது. கதைப்பாடலின் உண்மைக்குக் காவல் இதுவே.

அவ்வாறு காக்கப்பட்ட உண்மைகளுள் தலையாயது, தோழன் மஹபத்கானின் வரலாறு. மக்கள் வாயில் அவன் மோவுத்துக்காரன். அரபில் 'மஹாபத்' என்றால் கண்டோர் அஞ்சும் கம்பீரம். 'மஹப்பத்' என்றால் அன்பு. முகலாயப் பட்டமாக வழங்கியது முன்னது. ஆனால் பாடல் அவனுக்குப் பின்னதன் பொருளையே அளித்துள்ளது. மணப்பந்தலை விட்டெழுந்து, தன் சமயத்தவரான நவாபுக்கு எதிராக, நண்பனின் பக்கம் நின்று மடிந்தவன் அவன். அவனையும் அவன் குதிரையையும் அடக்கிய இடத்தை நீலாம்பூண்டியில் காட்டுகின்றனர். எதிர்ப்பக்கத்தில் நவாபின் அலுவலர் தோடர்மால் இருந்தார். அப்போரை இரு சமயங்களின் மோதலாக விளக்க முற்படுவோர், பாடலையும் கேட்கவில்லை, நிலத்தையும் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பாடல் முடிந்த பின்னும் நிலம் பேசுகிறது. தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே பாலாற்றின் கரையில், ஆர்க்காட்டுக்கு எதிரே, நவாப் இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. வென்றவன் தோற்றவனின் துயரை ஓர் ஊரின் பெயராக்கினான் என்று அப்பக்கத்து மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையே நமக்கொரு பாடம்.

2025 ஜூலையில் மராத்தியப் படைத்தலங்கள் என்னும் தொகுதியில், பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1677இல் சிவாஜி கைக்கொண்ட கோட்டைக்கு அது தகும். எனினும் அத்தொகுதியின் பெயரில் தேசிங்குக்கும் அவன் தோழனுக்கும் இடமில்லை. கடலியும் நீலாம்பூண்டியும் கோட்டை மதிலுக்கு வெளியே உள்ளவை. கோட்டையைக் காண வருவோர் மலையேறி இறங்கித் திரும்பிவிடுவர். அவர்களை அவ்விரு சிற்றூர்களுக்கும் அழைத்துச் செல்லப் பாடல் ஒன்றே வழிகாட்டி. அதைப் பாடத் தெரிந்த பெரியவர்களோ நகரத்துக் கட்டடங்களில் செங்கல் சுமக்கின்றனர். அவர்கள் குரலைப் பதிவு செய்வதும், பாடல் சொல்லும் இடங்களை ஊர்தோறும் குறித்துவைப்பதும் நம் கல்லூரி மாணவர்களால் ஆகக்கூடிய பணியே. மோவுத்துக்காரனை நினைவில் வைத்திருக்க வேண்டிய முதற்கடமை நமக்கும் உண்டன்றோ?