ஒரே குவெரி, ஊருக்கு ஒரு பேச்சு

பைத்தானில் வெப் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டு இன்னும் எஸ்க்யூஎல்ஆல்கெமியைத் தொடாமல் இருக்கிறீர்களா? இன்றைக்கே தொட்டுப் பாருங்கள்! மைக் பேயர் 2006ல் வெளியிட்ட லைப்ரரி. இத்தனை வருஷம் ஆகியும் அதில் ஒரு குவெரி எழுதும்போது வரும் குஷி எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

எஸ்க்யூஎல்லுக்கு 1986லேயே ஸ்டாண்டர்டு வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு டேட்டாபேஸும் தனி ராஜ்யம்தான். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ஒட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. போஸ்ட்கிரெஸில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டால் ஒட்டிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லோ, செட்டிங்கை மாற்றாதவரை, அதே கோட்டை ‘அல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். அங்கே கான்கேட் ஃபங்ஷன் வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் பிளஸ் குறி. எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இரண்டு ஃபீல்டுக்கு நடுவே ஒரு பிளஸ் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் உரிய டயலெக்டை மாற்றி மாற்றிக் கம்பைல் செய்து பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்: கோடு, கான்கேட், பிளஸ் என்று அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே வந்து நிற்கும். எனக்குக் கைதட்டத் தோன்றும்!

பக்கம் பிரித்துக் காட்டுவதும் அப்படித்தான். லிமிட், ஆஃப்செட் என்று இரண்டு சொல் நம் வேலை. பழைய ஆரக்கிளுக்கு ரோநம் வைத்து, குவெரிக்குள் குவெரி அடுக்கி எழுதுவது எஸ்க்யூஎல்ஆல்கெமியின் வேலை. எஸ்க்யூஎல் சர்வரில் ஆர்டர் பை இல்லாமல் ஆஃப்செட் கேட்டால், சும்மா எதையோ அனுப்பிவைக்காமல் அங்கேயே எரர் காட்டி நிறுத்திவிடும். இந்த நேர்மைக்காகவே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

எல்லா டேட்டாபேஸும் ஒன்று என்று பாசாங்கு செய்யாததுதான் இதன் பெரிய குணம். போஸ்ட்கிரெஸின் ஜேசன்பி வேண்டுமா, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது, அதற்குத் தெரியாததை நாமே கற்றுக்கொடுக்கலாம் என்பது. இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள்? மைஎஸ்க்யூஎல்லில் டேட்டிஃப், போஸ்ட்கிரெஸில் நேரடியாகக் கழித்தல், எஸ்க்யூலைட்டில் ஜூலியன்டே. ஒரு கிளாஸ், டயலெக்டுக்கு ஒரு சின்ன ஃபங்ஷன், தலையில் கம்பைல்ஸ் என்ற டெக்கரேட்டர். பிறகு ‘நாள் வித்தியாசம்’ என்று நான் ஒரு பெயர் வைத்தால், அது மூன்று டேட்டாபேஸுக்கும் புரிகிறது!