முரசு கொட்டாத போர்நூல்

போர் இலக்கியம் என்றதும் வெற்றி முரசின் ஒலியையே நம் செவி எதிர்நோக்குகிறது. பரணி கேட்டு வளர்ந்த செவியல்லவா! யூஜீன் ஸ்லெட்ஜ் என்னும் அமெரிக்கர் எழுதி 1981இல் வெளிவந்த 'வித் தி ஓல்ட் பிரீட்' அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது. வென்ற படையைச் சேர்ந்தவர் எழுதிய நூலே. ஆயினும் அதில் வெற்றிக் களிப்பு இல்லை.

அலபாமா மாநிலத்து இளைஞரான ஸ்லெட்ஜ், மரைன் படையில் மோர்ட்டார் வீரராகச் சேர்ந்து, 1944இல் பெலிலியுத் தீவிலும் 1945இல் ஒகினாவாவிலும் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டார். களத்தில் நாட்குறிப்பு எழுதுதல் கூடாது என்பது விதி. அவரோ தம் சட்டைப்பையிலிருந்த புதிய ஏற்பாட்டு நூலில் சிறு குறிப்புகளை மறைவாகப் பேணினார். போருக்குப் பின் உயிரியல் பேராசிரியரானார். அக்குறிப்புகள் நூலாக வெளிவர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

நடையில் அணியலங்காரம் இல்லை. சேறு, மழை, அழுகிய பிணங்களின் நாற்றம், உறக்கமின்மை ஆகியவற்றை உள்ளது உள்ளவாறே எழுதிச் செல்கிறார். அலுவலகக் கோப்புகளில் குறிப்பெழுதியே காலங்கழிக்கும் எனக்கு இவ்வறண்ட நடையின் வலிமை நன்கு புலப்பட்டது.

நூலின் உயிர்நிலை ஒரு நிகழ்ச்சியில் உள்ளது. மாண்ட ஜப்பானியரின் தங்கப் பற்களைத் தோழர்கள் பெயர்த்தெடுப்பதை அருவருப்புடன் கண்டவர், ஒருநாள் தாமும் அதற்கு முனைகிறார். கிருமிகள் தொற்றும் என்று கூறிப் படை மருத்துவ உதவியாளர் தடுக்கிறார். அவர் காக்க விரும்பியது தம் உடலை அன்று, மனிதத் தன்மையையே என்பது ஸ்லெட்ஜுக்குப் பின்னர்தான் விளங்குகிறது. அவர் இதனை எழுதாது விட்டிருக்கலாம். எழுதியமையாலேயே ஏனைய பக்கங்களையும் நாம் நம்புகிறோம்.

குறை இல்லாமலில்லை. எதிரிக்குப் பெரும்பாலும் முகமே இல்லை. ஒகினாவாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் குடிமக்கள் மாண்டனர் என மதிப்பிடுவர். இந்நூலிலோ அவர்கள் சிற்சில காட்சிகளில் மட்டுமே தோன்றுகின்றனர். பதுங்குகுழியில் இருந்தவன் கண்ணுக்கு எட்டியதைத்தானே எழுதுவான் எனச் சிலர் அமைதி கூறக்கூடும். ஓரளவு உண்மையே. தம் உள்ளத்தில் மூண்ட பகைமையையும் அவர் ஒளிக்கவில்லை. எனினும் ஒரு சாட்சியின் நேர்மை, மற்றொரு சாட்சியைக் கேளாதிருக்க நமக்கு உரிமை தந்துவிடாது.

ஆகவே இந்நூலைப் படியுங்கள்; படித்தபின் ஒகினாவா மக்கள் அளித்த வாய்மொழிகளையும் தேடிப் படியுங்கள். முரசு ஓய்ந்த பின்னர் கேட்கும் குரல்கள் இரு பக்கத்தும் உண்டு.