பத்தொன்பது வருடம் கழித்து வந்த முன்கதை

டெக்ஸ் வில்லரை நான் வரிசை மாற்றித்தான் வாசித்தேன். மாமா ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே சிவகாசி லயன் காமிக்ஸ் நாலைந்து இருக்கும். 'லயத்துப் பையனுக்கு லயன் காமிக்ஸ்தானே' என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். லயனில் டெக்ஸ் வர ஆரம்பித்தது 1985இல். அதில் நான் பார்த்த டெக்ஸ் சட்டத்தின் ஆள், ரேஞ்சர். நவஹோக்களின் தலைவர், 'இரவுக் கழுகு'. கூடவே புலம்பிக்கொண்டு வரும் கார்சன். யாரையாவது பிடித்தால் முதலில் முகத்தில் ஒரு குத்து, கேள்வியெல்லாம் அப்புறம்தான். அந்தக் குத்துக்காகத்தான் வாசித்தேன், பொய் சொல்வானேன்.

இந்த ஆளின் முன்கதை என் கைக்கு வந்தது ரொம்பப் பிறகு. அப்பா கென், டெக்சாஸில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். மாடு திருட வந்த கும்பல் அவரைக் கொன்றுவிடுகிறது. மகன், கன்னி பில் என்ற கிழவரோடு மெக்சிகோவுக்குள் துரத்திப் போய்க் கணக்கைத் தீர்க்கிறான். இது வரைக்கும் வழக்கமான சரக்கு. வெஸ்டர்ன் வாசிக்கிற யாருக்கும் அடுத்த பக்கம் என்னவென்று தெரியும். பிறகு தம்பி சாமையும் கொல்கிறார்கள். அந்தப் பழியையும் தீர்த்து முடித்தபோது சட்டம் டெக்ஸையே தேடத் தொடங்கிவிடுகிறது. கொள்ளைக்காரர்களைத் துரத்திப் போனவனுக்கே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. கதை எனக்கு இங்கேதான் ஆரம்பமானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொனெல்லி எழுதி கலெப்பினி வரைந்த முதல் டெக்ஸ் இத்தாலியில் 1948 செப்டம்பரில் வந்தது. அதில் டெக்ஸ் ஏற்கெனவே சட்டம் தேடும் ஆள்தான். அவன் ஏன் அப்படி ஆனான் என்ற கதையை பொனெல்லி சொன்னது 1967இல். பத்தொன்பது வருடம் வாசகன் காரணம் தெரியாமலேயே அவனோடு குதிரையில் போயிருக்கிறான், நம்பியிருக்கிறான்.

1948 என்றால் காம்பாரில் இருக்கிற எனக்கு இத்தாலி ஞாபகத்துக்கு வருவதில்லை. ஈப்போவைத் தாண்டினால் சுங்கை சிப்புட். அந்த வருடம் ஜூன் 16ஆம் தேதி அங்கே தோட்டத்துத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் போனவர்களை வெள்ளைக்காரன் 'கொள்ளைக்காரர்கள்' என்றுதான் அறிக்கைகளில் எழுதினான். 1952இல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்று மாற்றினான். ஆளுக்கு ஒரு விலை போட்டு நோட்டீஸ் ஒட்டினான். தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள்.

எங்கள் தாத்தாவின் அண்ணன் ஒருவர் அந்தச் சமயத்தில் காட்டுக்குப் போனவர். வீட்டில் அவர் பெயர் கிடையாது. 'அவரு' என்பார்கள். தாத்தா அதையும் சொல்ல மாட்டார். பால் மரத்தில் ஏறிய வெயிலைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவார். ஒருமுறை பாட்டி என் காமிக்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "இவன் போலீசா, திருடனாய்யா?" என்றார். "முதல்ல திருடன்னு சொன்னாங்க, பொறவு போலீஸ் ஆயிட்டான் பாட்டி" என்றேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ வீட்டுக்கு வந்துட்டானா?" என்றார்.

எனக்கு டெக்ஸ் மேல் இருக்கும் குறையும் இதுதான். பொனெல்லி அவனுக்கு சீக்கிரமே ஒரு ரேஞ்சர் பேட்ஜைக் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அதே குத்து, அதே துப்பாக்கி, ஆனால் எதற்கும் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான கதைகள் அப்படியே ஓடிவிட்டன. நானும் ஓடினேன். ஆனால் அப்பாவைப் புதைத்த மகனின் கை நடுக்கத்தை அந்த ரேஞ்சரிடம் தேடினால் கிடைக்காது. தப்பு செய்தோமா என்று அவன் யோசிக்கக்கூடிய இடம் சட்டம் அவனைத் துரத்திய அந்தக் கொஞ்ச காலம் மட்டும்தான். படைப்பாளிகள் அதை அவசர அவசரமாகக் கடந்துவிட்டார்கள்.

நம்மவர்கள் அந்த இடத்துக்கே போகவில்லை என்பது என் வருத்தம். நான் வாசித்த தோட்டத்துக் கதைகளில் காட்டிலிருந்து வருகிறவன் ராத்திரியில் கதவைத் தட்டுவான், அரிசி கேட்பான், அடுத்த பத்தியில் இருட்டுக்குள் போய்விடுவான். பயந்தவர்கள் பக்கம் கதை நின்றுவிடும். பயம் உண்மைதான், பாட்டியும் பயந்தவர்தான். அரிசி கொடுத்தால் ஒருவன் அடித்தான், கொடுக்காவிட்டால் இன்னொருவன். ஆனால் கதவைத் தட்டியவனுக்கும் ஒரு லயத்து வீடு, ஒரு தம்பி, ஒருவேளை தொழுவத்தில் ரெண்டு மாடு இருந்திருக்கும். அவன் யார் மேல் இருந்த கோபத்தில் போனான், போன பிறகு யாரைச் சுட்டான், சுட்ட அன்றைக்கு ராத்திரி தூங்கினானா?

பொனெல்லிக்கு முன்கதை சொல்லப் பத்தொன்பது வருடம் ஆனது. நமக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பாட்டி இப்போது இல்லை. 'அவரு' பெயர் ஆறுமுகம் என்று அவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார்.