வாசலில் வந்து நிற்பவர்

அன்ரன் செக்கோவின் 'ஆறாம் வார்ட்' 1892ஆம் ஆண்டில் வெளியான நெடுங்கதை. ருஷ்ய நாட்டின் பின்தங்கிய நகரொன்றிலுள்ள ஆஸ்பத்திரியில் மனநோயாளரை அடைத்துவைத்திருக்கும் தனிக்கட்டிடமே அதன் களம். ஜார் ஆட்சியின் ருஷ்யா முழுவதையும் அக்கட்டிடத்தினுள் கண்டவர் பலர். இளம் வயதில் அதனைப் படித்த லெனின், தாமே அவ்வார்ட்டினுள் அடைபட்டுவிட்டதுபோல் உணர்ந்ததாகக் கூறினார் என்று அவருடைய தமக்கையார் எழுதியுள்ளார்.

கதையை இவ்வாறு குறியீடாகக் கொள்வது தவறன்று. ஆயின், குறியீட்டிலேயே கண்ணைப் பதித்தோர், செக்கோவ் தொழிலால் வைத்தியர் என்பதையும், மனம் பிறழ்ந்த ஏழையொருவனைச் சமுதாயம் என்ன செய்கின்றது என்னும் நேரடியான கேள்வியையே அவர் முதலிற் கேட்டார் என்பதையும் மறந்துவிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவிற் சில ஆண்டுகளாக நடைபெற்றுவரும் விவாதமொன்று அக்கேள்வியை மீண்டும் எழுப்பியிருக்கின்றது. மனநெருக்கடிக்குள்ளான ஒருவருக்காக உதவி கோரி அழைத்தால், அவர் வாசலுக்கு வரவேண்டியவர் துப்பாக்கி தாங்கிய பொலிஸ்காரரா, உளநலப் பணியாளரா என்பதே அவ்விவாதம். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவது பயனுடைத்து.

கதையில் வரும் இவான் குரோமொவ் படித்தவன், வறியவன். ஓர் இலையுதிர்காலக் காலையில், ஆயுதந் தாங்கிய காவலர் நால்வர் விலங்கிட்ட கைதிகள் இருவரை இட்டுச் செல்வதைக் காண்கிறான். தன்னையும் இவ்வாறு இழுத்துச் செல்லக்கூடும் என்னும் எண்ணம் அவனைப் பற்றிக்கொள்கின்றது. தான் குற்றமெதுவும் செய்யவில்லை என்பதை அவன் அறிவான். நீதி தவறுவது அரிதன்று என்பதையும் அறிவான். அறிமுகமான பொலிஸ் அதிகாரியொருவர் முகமன் கூறிச் சில அடி உடன் நடந்தமைகூட அவனுக்குச் சந்தேகத்தை ஊட்டுகின்றது. ஈற்றில், வீட்டுக்காரியின் அடுப்பைத் திருத்த வந்த தொழிலாளரை மாறுவேடம் பூண்ட பொலிஸாரென்று அஞ்சி, தொப்பியும் மேலங்கியுமின்றித் தெருவில் ஓடுகிறான்.

அவனுடைய அச்சம் நோயின் விளைவு. ஆனால் அவ்வச்சம் பூண்ட உருவம் சமுதாயம் கொடுத்தது. வெளியுலகில் உண்மையாகவே நிலவும் அதிகாரமே அவனது உள்ளத்திற் பூதமாகப் பெருத்து நிற்கின்றது. அத்தகைய ஒருவனைச் சாந்தப்படுத்தப் பொலிஸ்காரனையே அனுப்புவது, நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பதையொக்கும்.

இது கதையோடு நின்றுவிட்ட செய்தியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூ யோர்க் மாநிலத்தின் றொச்செஸ்டர் நகரில், டானியல் புரூட் என்னும் கறுப்பினத்தவர் மனநிலை குழம்பிய நிலையில் இரவில் வீட்டை விட்டு ஓடினார். அவருக்கு ஆபத்து நேருமென்று அஞ்சிய சகோதரர் உதவி கோரினார். வந்தவர்கள் பொலிஸார். குளிரில் ஆடையின்றி நின்ற அவருக்கு விலங்கிட்டனர். எச்சில் உமிழாதிருக்கத் தலையில் முகமூடியிட்டனர். தலையைத் தரையோடு அழுத்தினர். மூச்சடங்கிய அவர் ஒரு வாரத்தின் பின் உயிர் நீத்தார். மரண விசாரணை அதிகாரி அதனைப் பிறரால் விளைந்த மரணமென்று தீர்மானித்தார். 2021ஆம் ஆண்டில் ஜூரிமார் பொலிஸார் எவர் மீதும் குற்றஞ்சாட்ட மறுத்துவிட்டனர். இது தனியொரு சம்பவமுமன்று. 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 2015 முதல் தொகுத்த பதிவுகளின்படி, அந்நாட்டிற் பொலிஸாராற் சுட்டுக் கொல்லப்பட்டோரில் ஏறத்தாழ ஐவருக்கொருவர் மனநோய்க்குட்பட்டிருந்தவர்.

இதனைப் பொலிஸ்காரரின் தனிப்பட்ட கொடுமையாக மட்டும் விளக்குதல் போதாது. கட்டளையிடவும், கட்டளைக்குப் பணியாதவரை அடக்கவும் பயிற்றப்பட்டவர் பொலிஸ்காரர். கட்டளையை விளங்கிக்கொள்ளவியலாத நிலையில் இருப்பவர் நோயாளி. விளங்காமை அவ்விடத்தில் எதிர்ப்பாகத் தோன்றுகின்றது. எதிர்ப்புக்கு விடை பலாத்காரமாகின்றது. அவ்வாறாயின் இப்பணி பொலிஸாரின் தலையில் எவ்வாறு விழுந்தது? 1955ஆம் ஆண்டில் அமெரிக்க மாநிலங்களின் மனநோய் ஆஸ்பத்திரிகளில் 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவற்றின் இழிநிலை வெளிப்பட்டபோது, நோயாளரை ஊரிலேயே பராமரிக்கும் நிலையங்களை அமைக்க 1963ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் சிறந்தது. ஆஸ்பத்திரிகள் வெறுமையாயின, ஆனால் திட்டமிட்ட நிலையங்களில் ஏறக்குறைய அரைவாசியே எழுந்தன. 1981ஆம் ஆண்டில் றேகன் ஆட்சி மத்திய அரசின் நிதியையும் வெட்டிச் சுருக்கியது. ஆஸ்பத்திரியுமில்லாமல், நிலையமுமில்லாமல், கூலியும் குடியிருப்புமில்லாமல் தெருவில் விடப்பட்டோரிடம் இரவு பகலாகச் செல்வதற்கு அரசிடம் எஞ்சியிருந்த கை பொலிஸின் கை ஒன்றே.

இந்நிலைக்கு மாற்றுக் கண்டவர்களும் அந்நாட்டிலேயே உளர். ஒறிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில், 'வைற் பேர்ட்' என்னும் மக்கள் சிகிச்சை நிலையத்தார் 1989ஆம் ஆண்டில் 'கஹூற்ஸ்' என்னும் சேவையைத் தொடங்கினர். மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவரும் நெருக்கடிகளைக் கையாளப் பழகிய ஒருவருமாக இருவர் வானொன்றிற் செல்வர். அவர்களிடம் ஆயுதமில்லை, சீருடை அதிகாரமில்லை. பேசுவர், காயத்துக்கு மருந்திடுவர், போர்வை கொடுப்பர், தங்குமிடத்துக்கு இட்டுச் செல்வர். 2019ஆம் ஆண்டில் அவர்களுக்கு வந்த அழைப்புகள் சுமார் 24,000. அவற்றில் மிகச் சிறிய பகுதிக்கே அவர்கள் பொலிஸாரின் துணையை வேண்டினர். 2020 ஜூனில் டென்வர் நகரும் இவ்வழியைப் பின்பற்றியது. அங்கு முதல் ஆறு மாதங்களில் ஏற்கப்பட்ட 748 அழைப்புகளுள் ஒன்றேனும் கைதில் முடியவில்லை. அச்சேவை இயங்கிய பகுதிகளிற் சிறு குற்றங்கள் பற்றிய முறைப்பாடுகள் 34 வீதம் குறைந்தன என்று 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது, வன்குற்றங்கள் பெருகவுமில்லை.

இதனை எதிர்ப்போர் கூறுவதையும் நாம் நேர்மையோடு கேட்டல் வேண்டும். கத்தியேந்தி நிற்பவன் முன் வெறுங்கையோடு செல்வது எவ்வாறு என்பர். ஆயுதத்தாற் பிறருக்கு ஆபத்து விளையுமிடத்திற் பொலிஸ் வேண்டுமென்பதை இச்சேவையாளர் மறுக்கவில்லை. அழைப்புகளிற் பெரும்பாலானவை அத்தகையனவல்ல என்பதே அவர்களின் அனுபவம். பொலிஸாரின் பணியில் 17 வீதத்தைத் தாமே ஏற்பதாகச் சிகிச்சை நிலையத்தார் கூற, 5 முதல் 8 வீதமே என்று யூஜீன் பொலிஸார் கணக்கிட்டனர். இத்தர்க்கத்தில் எவர் வென்றபோதிலும், பொலிஸாரின் சுமை எவ்வளவு குறைந்தது என்பது மட்டும் நோயாளிக்குக் கிடைத்த நன்மையின் அளவாகிவிடாது.

ஆனால் ஆதரிப்போரிலும் ஒரு சாரார் ஆறாம் வார்ட்டுக்கு விடை கூறவேண்டியவராவர். பொலிஸ்காரருக்குப் பதிலாக உளநலப் பணியாளர் வந்துவிட்டாற் பிரச்சினை தீர்ந்தது என்பது அவர் எண்ணம். குரோமொவ்விடம் ஈற்றில் வந்தவர் யார்? பொலிஸ்காரரல்லர், வைத்தியர் றாகின். அறிஞர், மென்மையானவர். குளிர் ஒத்தடமும் சில துளி மருந்தும் எழுதிக் கொடுத்து, இனித் தாம் வரப்போவதில்லை என்று கூறிச் செல்கிறார். வீட்டில் வைத்துப் பராமரிக்கப் பணமில்லாமையால் குரோமொவ் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்; அங்கிருந்து றாகினின் உத்தரவாலேயே ஆறாம் வார்ட்டை அடைகிறான். அங்கே காவலன் நிக்கிற்றா இருக்கிறான். பழைய போர்வீரன், ஒழுங்கு நிலைக்க அடி இன்றியமையாதது என்று முழுமனத்தோடு நம்புபவன். பொலிஸ் சட்டை இல்லாமலே பொலிஸின் முட்டி ஆஸ்பத்திரிக்குள் ஓங்குகின்றது. றாகினே அவ்வார்ட்டில் அடைக்கப்பட்டு அவனிடம் அடிபட்ட அன்றுதான், இம்மனிதர் இருபது ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் இவ்வேதனையை அனுபவித்தனர் என்பதும், தாம் அதனை அறியாதிருந்தார் என்பதும் அவருக்கு உறைக்கின்றன. மறுநாள் அவர் இறந்துபோகிறார்.

றொச்செஸ்டர் நிகழ்ச்சியின் முற்பகுதியும் இவ்வுண்மையையே கூறுகின்றது. தெருவில் விழுவதற்குச் சில மணி நேரம் முன்பு அம்மனிதர் மனநலப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவரே அன்றிரவு பொலிஸின் கையிற் சிக்கினார். வாசலுக்கு வருபவரை மாற்றுதல் முதற்படி. அவர் இட்டுச் செல்லும் இடத்தையும் மாற்றாவிடின் அப்படியில் ஏறியும் பயனில்லை.

யூஜீனின் வரலாறு இதற்கு மேலும் ஒரு பாடத்தைச் சேர்க்கின்றது. அச்சேவையின் ஆண்டுச் செலவு சுமார் 21 இலட்சம் டொலர் என்றும், யூஜீன், அயல்நகர் ஸ்பிரிங்ஃபீல்ட் இரண்டினதும் பொலிஸ் செலவு சேர்ந்து சுமார் 9 கோடி டொலர் என்றும் சிகிச்சை நிலையத்தார் கூறிவந்தனர். நாடெங்கும் புகழ்ந்து பேசப்பட்ட அச்சேவை, 35 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய பின், நிதி நெருக்கடியினிடையே 2025 ஏப்ரலில் யூஜீன் நகரில் நின்றுபோயிற்று. ஒரு நிலையத்தின் தொண்டுணர்ச்சியிலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்திலும் தங்கியிருந்தது அது. பொலிஸ் நிலையம் அவ்வாறு தங்கியிருப்பதில்லை. எது நிலைக்கவேண்டும், எது தொண்டாக இருந்தாற் போதும் என்பதை ஒரு சமுதாயம் தன் வரவு செலவுக் கணக்கிலேயே எழுதிவைக்கின்றது.

செக்கோவ் தம் கதையில் தீர்வு கூறவில்லை. பிறர் வேதனையைத் தத்துவம் பேசிக் கடந்துபோகும் படித்தவரின் அலட்சியத்தையே அவர் குற்றக்கூண்டில் ஏற்றினார். அடிப்பவன் நிக்கிற்றா, அவன் அடிப்பதை இருபது ஆண்டுகளாக அறியாதிருந்தவர் றாகின். படித்தவர்களாகிய நாம் கதையை மூடிவைக்கும்போது நிக்கிற்றாவை வெறுப்பது எளிது. றாகினில் நம்மை இனங்காண்பதே கடினம்.