பத்தி பிரிக்கும் வழக்கும் நம் மலர்களும்

புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ வெளியிடப்படும் கும்பாபிஷேக மலரையோ பள்ளி மலரையோ விரித்துப் பாருங்கள். மலாய் வாழ்த்துரையில் பத்திகள் ஓரத்திலிருந்தே தொடங்கும். நடுவே ஒரு வரி காலியாக இருக்கும். அடுத்த பக்கத்துத் தமிழ்க் கட்டுரையில் முதல் வரி உள்ளே தள்ளியிருக்கும். பத்திகள் நெருங்கி நிற்கும்.

முதலாவது அரசாங்கக் கடித மரபு. சூராட் ரஸ்மி எனப்படும் அக்கடிதத்தில் முதல் பத்திக்கு எண் கிடையாது. அடுத்தது '2' என்ற எண்ணோடு ஓரத்திலேயே தொடங்கும். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவது, ஈய எழுத்துக் காலத்து மரபு. அச்சுக்கோப்பவர் வரித் தொடக்கத்தில் சதுர வெற்றுக்கட்டை ஒன்றைச் செருகுவார். தமிழ்ப்பள்ளிக் கட்டுரை ஏட்டில் அது ஒரு விரல் இடமானது. ஓலைச்சுவடியில் இப்படிப் பத்தி பிரித்ததில்லை. ஆகவே இதை ஆதித் தமிழ் மரபென்று கொண்டாட வேண்டியதில்லை.

தலைப்பை அடுத்து வரும் முதல் பத்தியை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் உள்ளே தள்ளுவதில்லை. பிரெஞ்சு நூல்கள் தள்ளும். 1917-இல் நம் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை பயிரிட்ட ஆன்ரி ஃபோக்கோனியே, 1930-இல் கோன்கூர் பரிசு பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியரும்கூட. முதல் பத்தியையும் உள்ளே தள்ளும் இந்த ஒரு விஷயத்தில் நம் தமிழாசிரியர்கள் மற்ற தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயர் பக்கமல்ல, அவர் பக்கம்!

குழப்பம் கணினியோடு வந்தது. தட்டச்சுப் பொறியில் ஐந்து தட்டு தட்டி இடம்விட்ட கை, கணினியிலும் ஸ்பேஸ் பாரையே தேடியது. வேர்டு 2007 பதிப்பிலிருந்து பத்திக்குப் பின் 10 புள்ளி (பாயிண்ட்) இடைவெளி தானாகவே விழத் தொடங்கியது. விளைவு, பல மலர்களில் உள்தள்ளலும் உண்டு, இடைவெளியும் உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு ஆள். எழுத்துருவை மாற்றினால் தட்டிய வெற்றிடங்களின் அகலமும் மாறிவிடும். எண்டரை இருமுறை தட்டி உண்டாக்கிய காலி வரி, சில நேரம் பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் தீர்ப்பு: கட்டுரைக்கு உள்தள்ளல் மட்டும், வாழ்த்துரைக்கு இடைவெளி மட்டும். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் நீளும். 11 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளியாவது வரியிடைவெளி வேண்டும். உள்தள்ளலும் அதே அளவு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், இருந்தால் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். இரண்டு நிரலாகப் பிரித்தால் 4 மில்லிமீட்டர் போதும். நம் நீண்ட சொற்களுக்குக் குறுகிய நிரலில் ஏற்கெனவே இடம் போதாது.

அடுத்த மலரைத் தட்டச்சு செய்யப்போகும் தம்பி, தங்கைகளே, இந்த அளவுகளைப் பத்தி அமைப்பில் ஒருமுறை பதிந்துவிடுங்கள். ஸ்பேஸ் பாரைச் சொற்களுக்கு இடையில் மட்டும் தட்டுங்கள்.