தாகூரின் தூரிகை

கவிஞர் என்று உலகப் புகழ் பெற்ற ஒருவர் முதுமையில் ஓவியம் தீட்டத் தொடங்கினால், அவருடைய ஓவியங்களை மக்கள் எவ்வாறு நோக்குவர்? ஒரு சாரார் புகழுக்குத் தலைவணங்கிப் பாராட்டுவர். மற்றொரு சாரார் ஓய்வுநேர விளையாட்டு என்று ஒதுக்குவர். இரு சாராரும் ஓவியத்தை உற்று நோக்குவதில்லை. இரவீந்திரநாத் தாகூரின் ஓவியங்களுக்கு நேர்ந்த குறை இதுவே.

1927-இல் தாகூர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார். அன்று நம் முன்னோர் வரவேற்றது கவிஞரை, சாந்திநிகேதனின் நிறுவனரை. ஓவியரை அவர்கள் கண்டிலர். தாகூர் தூரிகையை முழு மனத்துடன் கைக்கொண்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது 67. அதன்பின் 1941-இல் மறையும் வரை அவர் தீட்டியவை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை.

இது புதிதாக அரும்பிய ஆசையன்று. ஓவியத்தின்மேல் அவருக்கு இளமையிலேயே காதல் இருந்தது. 1893-இல் தம் அண்ணன் மகள் இந்திராதேவிக்கு எழுதிய மடலில், ஓவியக் கலையைத் தாம் ஏக்கத்தோடு நோக்குவதையும், அதனைக் கற்கும் வயது கடந்துவிட்டதையும் குறிப்பிடுகின்றார். அப்போது அவருக்கு வயது 32! 1900-இல் அறிவியலறிஞர் சகதீச சந்திர போசுக்கு எழுதிய மடலில், தாம் படம் வரைய முயல்வதாகவும், எழுதுகோலைவிட அழிப்பானுக்கே வேலை மிகுதி என்றும் நகையாடுகின்றார். பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

அழிப்பானைப் பற்றிய இந்த நகைச்சுவையை நாம் மறத்தல் ஆகாது. அவர் ஓவியத்தின் திறவுகோல் அதிலேதான் இருக்கின்றது.

1924-இன் இறுதியில் தாகூர் உடல் நலிவுற்று அர்ச்சென்டினாவில் விக்டோரியா ஒகாம்போ அம்மையாரின் விருந்தினராகத் தங்கினார். அப்போது 'பூரபி' என்னும் தொகுப்பிற்கான பாடல்களை எழுதிவந்தார். பாடலில் ஒரு சொல்லை அடித்தால், அந்த அடித்தல் தாளில் கறையாய் நிற்கும். மையால் எழுதியதை அழிப்பானால் துடைக்க இயலாது. ஆகவே அவர் ஓர் அடித்தலை மற்றோர் அடித்தலோடு கோடிட்டு இணைத்தார். அவ்விணைப்பிலிருந்து பறவையின் அலகும், விலங்கின் முதுகும், பெயரறியா உயிரின் வாயும் தோன்றின. கையெழுத்துப்படியில் அவற்றைக் கண்டு வியந்த ஒகாம்போவே, 1930 மே மாதத்தில் பாரிசு நகரில் அவருடைய முதல் ஓவியக் காட்சி நடைபெறத் துணைநின்றார். அதில் ஏறத்தாழ 125 ஓவியங்கள் இடம்பெற்றன.

30 ஆண்டுகளுக்கு முன் அவரைத் தோற்கடித்தது எது? கண்ட பொருளைக் கண்டவாறே வரைய வேண்டும் என்ற எண்ணம். ஒவ்வொரு கோடும் பிழையாகத் தோன்றியது, அழித்தார். முதுமையிலோ பிழையிலிருந்தே தொடங்கினார். தாளில் விழுந்த கறை எவ்வுருவாக விரும்புகிறதோ அவ்வுருவாக அதனை வளர்த்தார். கையின் பயிற்சிக்குறை அப்படியே இருந்தது. அதனைத் தடையாகக் கருதும் மனநிலை மட்டும் மாறியது. அவர் தமக்கேயுரிய ஓவிய முகத்தைக் கண்டுகொண்டது இவ்விடத்தில்தான்.

இம்முகம் அவர் குடும்பத்தாரிடமிருந்தும் வேறுபட்டது. அண்ணன் மகன் முறையினரான அவனீந்திரநாதர் வங்க ஓவியநெறியின் தந்தை. சாந்திநிகேதனின் கலைக்கூடத்தை நடத்தியவர் நந்தலால் போசு. மென்மையான நீர்வண்ணம், புராணக் காட்சி, பண்டை மரபு ஆகியவை அந்நெறியின் இயல்புகள். தாகூர் இவற்றுள் ஒன்றையும் கைக்கொள்ளவில்லை. வண்ண மையைத் துணியாலும் விரலாலும் தேய்த்தார். பெரும்பாலான ஓவியங்களுக்குப் பெயரும் இடவில்லை. சொல்லின் வேந்தர் தம் ஓவியத்திற்கு ஒரு சொல்லைக்கூடத் துணைக்கு அனுப்ப மறுத்தார் என்பது எண்ணத்தக்கது.

அவருடைய பெண்முகங்களை நோக்குக. நீள்வட்ட முகம், முக்காடு, இருண்ட பின்புலம், அசைவற்ற கண்கள். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இம்முகத்திற்கு உரியது எது? அழுகை எனின், கண்ணீர் இல்லை. அச்சம் எனின், நடுக்கம் இல்லை. இரண்டிற்கும் இடையே, வெளிப்படாமல் அடங்கிய ஒன்று நிற்கின்றது. அவர் பாடல்களில் ஒளியும் இசையும் மிகுதி. ஓவியங்களிலோ பழுப்பும் கருமையும் மிகுதி. செந்நிறத்தைப் பிரித்தறியும் ஆற்றல் அவர் கண்களுக்குக் குறைவு என ஆய்வாளர் சிலர் கருதுவர். அஃது உண்மையாயினும், நிறத்தேர்வை விளக்குமேயன்றி அம்முகங்களின் மௌனத்தை விளக்காது.

குறைகளையும் கூறுதல் திறனாய்வாளன் கடன். தாகூர் விரைந்து தீட்டினார். ஒரே முகம் பலமுறை திரும்ப வருகின்றது. சில விலங்குருவங்கள் வேடிக்கையோடு நின்றுவிடுகின்றன. கையில் கிடைத்த தாளும் மையும் நீடித்து நிற்பவை அல்ல. இரண்டாயிரத்தில் எல்லாம் மணிகள் என்று கூறுவோர் அவருக்கு நன்மை செய்பவர் ஆகார்.

எனினும், நல்லவற்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்கவும் இயலாது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1930-இல் பாசுடன் நகரக் காட்சிக்கு எழுதிய முன்னுரையில், இவை குழந்தையுள்ளம் கொண்டவை, ஆயினும் சிறுபிள்ளைத்தனமானவை அல்ல என்னும் கருத்தை நிறுவினார். மரபுக்கலையின் இலக்கணத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அறிஞர் கூறியதாதலின், அக்கூற்றுக்கு எடை மிகுதி. செருமனியில் நாசியர் 1937-இல் பெர்லின் கலைக்கூடத்திலிருந்து பறித்த ஓவியங்களுள் தாகூருடையனவும் இருந்தன. வெறும் விளையாட்டைக் கண்டு எந்த ஆட்சியும் அத்துணை வெகுளாது.

ஓவியத்தை விட்டவர்கள் நம்மிடையேயும் பலர். பள்ளியில் வரைந்து, பணியேற்று, குடும்பம் தாங்கி, ஓய்வுபெற்றபின் தூரிகையை மீண்டும் தேடும் ஆசிரியர்களை நாம் அறிவோம். இளமையில் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று எண்ணி அவர்கள் சோர்கின்றனர். தாகூர் அவ்வாறு தொடரவில்லை. இடைப்பட்ட வாழ்வு கைக்குத் தந்த பழக்கத்தையே முதலாகக் கொண்டார். அவருக்கு அப்பழக்கம் அடித்துத் திருத்துதல்.

2011-இல் அவருடைய ஓவியங்கள் நான்கு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. தமிழாசிரியர்கள் அவற்றுள் சிலவற்றை மாணவர்க்குக் காட்டுவார்களாக. தீட்டியவர் பெயரை முதலில் சொல்லாமல் காட்டுவார்களாக. அம்முகங்களைப் பார்த்து மாணவர் என்ன கூறுகின்றனர் என்று கேட்டபின் பெயரைச் சொன்னால் போதும்.